அப்பா போட்ட சாதா பெட்ரோல்

அத்தியாயம் 11

சனிக்கிழமை ஓங்கூர் தாண்டி நடுரோட்டில் நின்றுபோன கார், அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறது. அதைச் சுற்றித்தான் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்கிறோம்.

கார் எங்களுடையது இல்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கும் விருத்தாசலத்துடையது. ஓட்டுவது மட்டும் என் அப்பா சவுரிராயன். அவருக்குப் பதினேழு வருஷமாக டிரைவர்.

விருத்தாசலத்தின் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் இன்ஜின் உடைந்து போனது. பட்டுப்புடவையும் பூத்தட்டுமாக அவர்கள் வெயிலில் நிற்க வேண்டியதாயிற்று. "வண்டிக்கு இன்னாடா போட்ட?" என்று விருத்தாசலம் கேட்டார். என் அப்பா உண்மையைச் சொல்லித் தொலைத்தார்.

"காலையில பங்க்குல பிரீமியம் ஸ்டாக் இல்லைனுட்டாங்க மொதலாளி. நேரமாயிடுச்சினு சாதா போட்டுட்டேன்."

அவ்வளவுதான். ஒருநாள் போட்ட சாதா பெட்ரோல், மூன்றே நாளில் பதினேழு வருஷத் திருட்டாக மாறிவிட்டது. இன்று நாலு மணிக்கு அப்பா மண்டிக்குப் போய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'பல வருடங்களாகச் சாதா பெட்ரோல் போட்டுவிட்டு, பிரீமியம் போட்டதாக ஏமாற்றினேன். அதனால் வண்டி கெட்டது' என்று. போட்டால் போலீஸ் இல்லையாம். அந்தக் காகிதம் டிரைவர் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் திண்டிவனத்தில் எவன் என் அப்பாவை நம்பி ஒரு சாவியைக் கொடுப்பான்?

அதை யாரும் கேட்கவில்லை. என் அம்மா உட்பட.

"போட்டுட்டு வந்துடட்டும் செல்வி, உட்டுடு" என்றாள் காலையில், என் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. அம்மணி என்பது அவள் பெயர். அதே மண்டியில் மல்லாட்டை புடைக்கிறாள். "பெரிய எடம். மொறைச்சிக்கினா நாமதான் பேஜாராவோம்."

"திருடன்னு எழுதியிருக்குதும்மா."

"எழுதினா எழுதிக்கட்டும். நமக்குத் தெரியாதா?"

"நமக்குத் தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்?"

அவள் டிபன் பாக்ஸை என் பையில் திணித்தாள். அப்பா வாசலில் நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். திருடன் என்று கையெழுத்துப் போடப் போவதற்கு இஸ்திரிச் சட்டை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

"நான்தானே போட்டேன் பாப்பா. மொதலாளி படிச்சிப் படிச்சி சொல்லியிருக்காரு, சாதா போடாதேன்னு. வண்டி என்னாலதான் கெட்டுச்சி" என்றார்.

"தென்னரசு எங்க? மூத்த புள்ளதானே, இப்ப வந்து நிக்க வேணாமா?"

"கெடாருக்கு லோடுக்குப் போயிருக்கான்" என்றாள் அம்மா அவசரமாக. என் அண்ணன் மண்டியின் லோடு வண்டி ஓட்டுகிறான். மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. "அறுவடை நேரம்டி. அவனுக்கு வேலை இருக்காதா?"

எனக்கு ஏழே முக்கால் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிளம்பிவிட்டேன்.

விழுப்புரம் பைபாஸில் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் சென்டருக்குத்தான் அந்த வெள்ளைக் காரைக் கட்டி இழுத்து வந்திருந்தார்கள். நான் அங்கே சர்வீஸ் அட்வைசர். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கஸ்டமர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டி, ஜாப் கார்டு எழுதும் வேலை. எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்று என்னைச் சர்ச்சில் எழுப்பி நிற்க வைத்துக் கைதட்டினார்கள். அந்தப் படிப்பு, பெற்ற அப்பனைக் காப்பாற்ற உதவாவிட்டால் எதற்கு என்று ரயில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன்.

மேனேஜர் என் மேஜைக்கே வந்தார்.

"அந்த மண்டிக்காரர் வண்டி கார்டுல, கோளாறுக்குக் காரணம் 'டிரைவர் மட்டமான பெட்ரோல் போட்டது'ன்னு எழுதிடுங்க மேடம். கஸ்டமரே போன்ல சொல்லிட்டார்."

"கழட்டிப் பாக்காம எப்படி சார் எழுதறது?"

"டிரைவருங்க புத்தி தெரியாதா? பிரீமியம்னு சொல்லிட்டு சாதா அடிக்கறது. எழுதுங்க."

அந்த டிரைவர் யார் என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனேன்.

தலைமை மெக்கானிக் யூசுப் அலி பாய் காரின் வயிற்றுக்கடியில் இருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர். பன்னிரண்டு வருஷம் துபாயில் ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தவர். இங்கே அவர் ஒருவருக்குத்தான் என் அப்பா யாரென்று தெரியும்.

"வா செல்வி. ஒனக்காகத்தான் ஜல்தியா தொறந்தேன்" என்று ஊர்ந்து வெளியே வந்தார். பெஞ்சில் கிடந்த ஒரு இரும்புக் கையை எடுத்துக் காட்டினார். பிஸ்டனைத் தாங்கும் கம்பி. நேராக இருக்க வேண்டியது முழங்கை மடங்கினதுபோல் வளைந்து, நடுவில் ஒடிந்திருந்தது.

"பெட்ரோல் இதை வளைக்குமாம்மா? நீ படிச்ச புள்ள, சொல்லு."

"வளைக்காது பாய். உள்ள தண்ணி போயிருக்கணும்."

"அப்படிப் போடு. பெட்ரோல் ஆவியை அழுத்தலாம், காத்தை அழுத்தலாம். தண்ணியை அழுத்த முடியுமா? வெள்ளத்துல எறக்கியிருக்காங்க. தண்ணியை உறிஞ்சியிருக்குது. அன்னிக்குக் கம்பி லேசா வளைஞ்சிருக்கும். அதோடயே டொக்கு டொக்குனு ஓடிக்கினு இருந்துட்டு, சனிக்கிழமை ஒடிஞ்சிடுச்சி."

டொக்கு டொக்கு. அப்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம். விருத்தாசலத்திடமும் சொன்னார். 'ஒசத்தி பெட்ரோல் போட்டா சத்தம் வராது, போடா' என்பதுதான் கிடைத்த பதில்.

பாய் காற்று வடிகட்டியின் டப்பாவைத் திறந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய மடிப்புக் காகிதத்தில் பாதி உயரத்துக்குச் சேறு காய்ந்து கோடு போட்டிருந்தது. செம்பழுப்பு. ஒரு வைக்கோல் துணுக்கு கூட ஒட்டியிருந்தது.

"புயல் மழையில" என்றேன். "போன மாசம். அந்த வாரம் முழுக்க எங்கப்பா காய்ச்சல்ல படுத்துக் கெடந்தாரு."

"அப்ப யாரு ஓட்டினது?"

விருத்தாசலத்துக்கு ஒரு மகன் இருக்கிறான். அன்புச்செல்வன். என் அண்ணன் வயது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

பெட்ரோல் மூடியையும் திறந்து பார்த்தேன். உள்பக்கம் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில். ஆக்டேன் 91, அல்லது அதற்கு மேல். அந்த 91 எல்லா பங்க்கிலும் கிடைக்கும் சாதா பெட்ரோல்தான். கார் செய்தவனே சாதா போதும் என்று எழுதி ஒட்டியிருக்கிறான். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. பாய் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஜாப் கார்டில் காரணம் என்ற இடத்தில், 'இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது. பெட்ரோல் காரணம் இல்லை' என்று எழுதினேன். பாய் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"மேனேஜர் கத்துவாரு பாய்."

"கத்தட்டும். துபாய்ல அரபியே கத்தியிருக்கான், இவரு இன்னா." அந்த வடிகட்டியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார். "மாத்தின பழைய சாமான் கஸ்டமருக்குச் சொந்தம். ரூல் தெரியும்ல? கையெழுத்து வாங்கிட்டுத்தான் குடுக்கணும். கொண்டு போய் குடு."

அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மண்டிக்குள் நுழைந்தபோது நாலு அடித்துப் பத்து நிமிஷம். விருத்தாசலம் மேஜைக்குப் பின்னால். எதிரே தரகர்கள் இரண்டு பேர், சாட்சிக்காம். அப்பா நின்றுகொண்டிருந்தார், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு. பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகத்தான் கிடந்தன.

அப்போதுதான் டீ வந்தது. விருத்தாசலத்துக்கும் தரகர்களுக்கும் கண்ணாடி கிளாஸ். அப்பாவுக்குப் பேப்பர் கப். சாதா, பிரீமியம் என்று பிரிப்பது அந்த மண்டிக்குப் பெட்ரோலில் ஆரம்பித்த பழக்கம் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு தப்பா இருக்குதுங்க மொதலாளி" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தபடி. "ஒருநாள்தாங்க போட்டேன். இதுல பல வருஷம்னு எழுதியிருக்குது."

"ஒருநாள் போட்டவன் தெனைக்கும் போட்டிருப்பான். போடுடா சவுரி. மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி என் மானம் போச்சு. அத்த நீ குடுப்பியா?"

"வண்டி என்னால கெட்டது நெசம்தாங்க" என்று அப்பா பேனாவை எடுத்தார்.

"அப்பா, வைங்க அத்த."

எல்லோரும் திரும்பினார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் முகம்தான் முதலில் பதறியது. "ஏந்திரி பாப்பா" என்றார் உதட்டை அசைக்காமல்.

"யாரு இது?" என்றார் ஒரு தரகர்.

"ஆரோக்கியசெல்வி. இவரோட பொண்ணு. வண்டி நிக்கிற சர்வீஸ் சென்டர்ல அட்வைசர்." கவரைப் பிரித்து வடிகட்டியை அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தேன். காய்ந்த சேறு 'ஏமாற்றினேன்' என்ற வார்த்தைமேல் பொலபொலவென்று உதிர்ந்தது. "உங்க வண்டியில மாத்தின பழைய சாமான் சார். ஒப்படைக்க வந்தேன்."

"இன்னா குப்பை இது?"

"வண்டி மூச்சு வுடற எடம். இதுல சேறு எப்படி வந்துச்சினு நீங்கதான் சொல்லணும். வெள்ளத்துல எறக்கியிருக்காங்க. தண்ணி உள்ள பூந்து கம்பி வளைஞ்சி, அதுதான் ஒடிஞ்சது. சாதா போட்டதால ஒண்ணும் ஆவல. இதோ ரிப்போர்ட்டு."

"நாலு எழுத்து படிச்சிட்டா எனக்கே கிளாஸ் எடுப்பியா? என் வண்டிக்கு ஒசத்தி பெட்ரோல்தான் போடணும். கம்பெனிக்காரனே வண்டியில எழுதி ஒட்டியிருக்கான்!"

அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன். போனை அவர் முன்னால் நீட்டினேன்.

"இதுதானே? படிங்க சார்."

அவர் படிக்கவில்லை. கண்ணாடியைத் தேடினார். தேடுவதுபோல் செய்தார். தரகர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தி ஒண்ணுனு போட்டிருக்குதுண்ணே" என்றார் மெதுவாக. அவர் வீட்டில் கார் இருக்கும்போல. "அது சாதாதானே?"

அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"இது மூடிக்கு உள்ள ஒட்டினதாச்சே. ஆறு வருஷமா தெனமும் தொறந்து மூடறேன். சாதா போடாதேன்னு எழுதியிருக்குதுனு சொன்னீங்களே மொதலாளி?"

"ஷோரூம்ல சொன்னான்" என்று விருத்தாசலம் முனகினார்.

"எட்டு கிலோமீட்டருங்க. பக்கத்துலயே பங்க்கு இருந்தும் பிரீமியத்துக்கோசரம் சுத்திக்கினு போவேன். மழையில போனேன். எம் பொண்ணு காலேஜுல பட்டம் வாங்கன அன்னிக்கிகூட, டாங்க்கு ரொப்பிட்டுப் போடான்னீங்கனு போயிட்டு, கடைசியில போய்ச் சேந்தேன். அதுக்குள்ள இவள மேடையிலேருந்து எறக்கிட்டாங்க."

எனக்கு அது தெரியாது. பஸ் கிடைக்கவில்லை என்றுதான் அன்று சொன்னார். நாலு வருஷமாக அந்தக் கோபத்தை அவர்மேல் வைத்திருந்தேன்.

அப்போது உள்ளறையிலிருந்து அன்புச்செல்வன் வந்தான். அவனுக்குப் பின்னால் முறத்தோடு அம்மா. தலையெல்லாம் மல்லாட்டைத் தோல்.

"புயல் வாரம் எங்கப்பா படுக்கையில கெடந்தாரு" என்றேன், அவன் முகத்தைப் பார்த்தே. "சாவி உங்க வூட்டுலதான் இருந்துச்சி. தண்ணியில எறக்கி ஓட்டினது யாரோ, அவங்கதான் கையெழுத்து போடணும். இதோ." ஜாப் கார்டின் அடியில் நானே கோடு கிழித்து, 'வெள்ளத்தில் வண்டியை ஓட்டியவர்' என்று எழுதித் தள்ளினேன். "யாருனு இங்கயே சொல்லட்டும். நாலு பேரு இருக்கீங்க, நல்லதா போச்சு."

அவன் பயப்படுவான் என்று நினைத்தேன். பயப்படவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. என் அம்மாவைப் பார்த்தான்.

"அம்மணி" என்றான். அவனைத் தூக்கி வளர்த்தவளைப் பெயர் சொல்லி. "ஒன் பொண்ணு யாருனு கேக்குது. சொல்லட்டா?"

அம்மாவின் கையிலிருந்த முறம் சரிந்தது. "பாப்பா வா. போலாம் வா" என்று என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்குப் போவணும்? சொல்லட்டுமே!"

"வாடின்னா!"

விருத்தாசலம் மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. அதை மறைக்கத்தான் மேஜையைத் தட்டி எழுந்தார். "டேய் சவுரி, போடறியா இல்லையா?"

அப்பா வடிகட்டியை மெல்லத் தூக்கித் தள்ளி வைத்தார். காகிதத்தை நாலாக மடித்து மேஜைமேலேயே விட்டார். பேனாவை மூடினார்.

"போடலீங்க."

மொதலாளி என்று சொல்லவில்லை.

"அப்ப நாளையிலேருந்து இந்தப் பக்கம் தலை தெரியக்கூடாது. அம்மணி, ஒனக்கும் சேத்துத்தான்."

"சரிங்க" என்றார் அப்பா. பேப்பர் கப் டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. அதைத் தொடாமல் வெளியே வந்து செருப்பை மாட்டினார்.

ரயில்வே மேம்பாலம் வந்துவிட்டது. அப்பா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். வேலை போன ஆள் மாதிரியே தெரியவில்லை. எப்போதும் ஓரமாக நடப்பவர், அன்று ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளியே நடந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. என் படிப்புக்கு அன்றுதான் பட்டம் கொடுத்ததுபோல் இருந்தது.

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏண்டி அந்தக் கேள்விய கேட்ட?"

"கேக்காம? அவன் மூஞ்சிய பாத்தியா? செய்யறதையும் செஞ்சிட்டு..."

"அந்த வண்டியோட மிதியடியெல்லாம் நான்தான் களத்துல காயவெச்சேன்."

அம்மா குரலை இறக்கிப் பேசினாள், அப்பாவின் முதுகைப் பார்த்தபடியே.

"புயல் அன்னிக்கி. வண்டிக்குள்ள முழங்கால் சேறு. ராவோட ராவா கழுவி, வெயில் வந்ததும் மல்லாட்டைக்குப் பக்கத்துல மிதியடிய பரப்பி காயவெச்சேன்."

"தெரிஞ்சிக்கினே... தெரிஞ்சிக்கினே அப்பாவ கையெழுத்து போடச் சொன்னியா? நீயெல்லாம் ஒரு..." வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். "யாருக்கும்மா பயந்த? அந்தப் பொறுக்கிக்கா?"

"வண்டியில அவன் மட்டும் இல்லடி."

லாரி ஒன்று போனது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"அவன் குடிச்சிட்டு பின்னாடி சீட்டுல கெடந்தான். ஓட்டிக்கினு வந்தது நம்ம தென்னரசு."

நான் கோடு கிழித்து, வரும்போது மேஜையிலிருந்து எடுத்து வந்த ஜாப் கார்டு என் கையில் இருந்தது. 'வெள்ளத்தில் வண்டியை ஓட்டியவர்.' என் கையெழுத்தேதான். அடித்தல் திருத்தல் இல்லாமல், தெளிவாக.

"என்னைக் காட்டிக் குடுத்துடாதம்மானு கால்ல வுழுந்தான். அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாதுன்னான். அப்புறம் வண்டி நின்னுச்சி. அவன் கெடாருக்கு ஓடிட்டான்."

பாலத்தின் மேலிருந்து அப்பா திரும்பிப் பார்த்தார். வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று நாளில் முதல்முறையாக.

"இன்னா, ரெண்டு பேரும் அங்கயே நின்னுக்கினீங்க? ஜல்தி வாங்க, டீ குடிக்கலாம். கிளாஸுல."

நாங்கள் அசையவில்லை.

"பாப்பா, தென்னரசுக்கு ஒரு போன் போடு. நடந்ததையெல்லாம் அவன்கிட்ட நான்தான் சொல்லணும்."